கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் "விடியட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம், நடுராத்திரி ஆனாலும் உடனே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கீமோ கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் பெரும்பாலும் ரொம்பக் குறைந்துவிடும். அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழே போனால், வாயிலும் குடலிலும் சும்மா இருந்த கிருமிகூட ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சீழோ வீக்கமோ சரியாகத் தெரியாது, அவற்றை உண்டாக்கும் அணுக்களே இல்லையே! பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது, சின்னக் கீறல் போதும் கிருமி நுழைய. ஒரு தடவை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தால் காய்ச்சல் என்பது பரவலான கணக்கு, சில இடங்களில் 100.4 வந்தாலே வரச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் அளவை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் பேசாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சூடு இறங்கும், கிருமி அப்படியே இருக்கும், நீங்கள் நிம்மதியாகி நேரத்தை விட்டுவிடுவீர்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும்போது ரத்தக்கசிவு வரும் என்பதால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை: ஸ்டீராய்டு எடுக்கும் வாரங்களில் கிருமி தொற்றியும் காய்ச்சல் வராமல் போகலாம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்திய சின்னக் கருவி) மருந்து ஏற்றியதும் உடல் நடுங்கினாலோ, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்ப வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்காராதீர்கள். "கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லி சிகிச்சை ஃபைலை நீட்டுங்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். தாமதமானால் தயங்காமல் கேளுங்கள், அந்த நேரத்தில் கூச்சம் பார்க்கக் கூடாது.

அப்புறம், அம்மை போட்டவர் அருகில் குழந்தை இருந்தது தெரிந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தடுப்பு மருந்து முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.