மேகத்தைத் துரத்தி ஒரு நடை: கொடைக்கானலில் சின்னப் பிள்ளைகளோடு அரை நாள்

கொடைக்கானலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வழக்கமாக என்ன நடக்கும்? வேனை விட்டு இறங்கு, போட்டோ எடு, வேனில் ஏறு. 'பாயிண்ட்' எல்லாம் முடித்துவிட்டு ரூமுக்கு வரும்போது பெரியவர்களுக்குத் திருப்தி, சின்னதுகளுக்கு வாந்தி. ஊருக்குப் போனதும் தாத்தா, "மலையில என்னடா பாத்தே?" என்று கேட்டால், "குதிரை" என்று பதில் வரும்.

அதனால் எங்கள் வீட்டில் பாயிண்ட் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று வைத்துக்கொண்டோம்: மேகம் எங்கே தண்ணியாகுது? மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மேகத்தைப் பிடிப்பது, பிரயண்ட் பூங்காவில் அதைச் சொட்டாகப் பார்ப்பது, ஏரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஊர் திரும்பும் வழியில் வெள்ளி அருவியில் விழவிடுவது. இதற்கு அரை நாள் போதும். நாலிலிருந்து எட்டு வயது வரை அருமையாக ஓடும். அதற்கு மேல் போனால் "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

படி 1: கையில் என்ன வேண்டும்

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள், அதனால் மே மாதச் சனி ஞாயிறுகளில் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தலைவலியே கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து பேருந்து இருக்கிறது. நான் பேருந்துக் கட்சி. வீட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கும் அன்றைக்கு வேடிக்கை பார்க்கக் கிடைக்கிறதே.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி: ஒரு சின்ன பூதக்கண்ணாடி (பள்ளிக்கூட வாசல் ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பதே போதும்), ஒரு ஸ்டீல் டம்ளர், ஒரு கைக்குட்டை, ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கறுப்புக் கம்பளிக் குல்லா. கறுப்புதான் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். பைனாகுலர் வேண்டாம். சின்னக் கைகளுக்கு அதில் எதுவும் சரியாகத் தெரியாது, யாரிடம் இருப்பது என்ற சண்டைதான் மிஞ்சும். ட்ரெக்கிங் ஷூவுக்குக் காசைக் கொட்டாதீர்கள், பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவே இந்தப் பாதைக்குத் தாராளம். செருப்பு மட்டும் கூடாது.

படி 2: மலைப்பாதையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்

வத்தலக்குண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் பிள்ளை மடியில் கொடுங்கள். பண்ணைக்காடு தாண்டுவதற்குள் அது பலூன் மாதிரி விம்மிவிடும். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். "காத்து மேலே வந்தா விரியும்" என்பது பிள்ளை மண்டையில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரியும்போது காற்று குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் அதில் இருக்கும் ஈரம் துளியாகிவிடும். மேகம் என்பது அதுதான்.

ஸ்வெட்டரை எங்கே போடத் தோன்றுகிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

காது அடைக்கும், அதற்கு மிட்டாய். குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுங்கள். வழியில் வெள்ளி அருவி வரும், ஏறும்போது அங்கே இறங்காதீர்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டு கத்தினாலும், "அது கடைசிப் பக்கம்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: கோக்கர்ஸ் வாக்

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1872-இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலையின் தெற்கு விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை இது. தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அதற்கு அந்தப்பக்கம் கிடுகிடு பள்ளம். நடக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் நடந்துவிடும். நுழைவுச் சீட்டு வாங்கும் முன்பே பாத்ரூம் வேலையை முடித்துவிடுங்கள்.

உள்ளே கடைகள் உண்டு. குல்லா, சாக்லேட், ராட்டினம், டெலஸ்கோப். வாசலிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள்: "ஒரே ஒரு சாமான், அதுவும் அந்த முனைக்குப் போன பிறகு." இதைச் சொல்லாமல் உள்ளே போனால் முதல் பத்தடியிலேயே நடை முடிந்துவிடும். தின்பண்டம் எதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், குரங்கு பறித்துவிடும்.

இப்போது மேகம். மழைக்காலத்தைத் தவிர்த்தால், பெரும்பாலும் காலையில் பள்ளத்தாக்கு தெளிவாக இருக்கும். வெயில் ஏறியதும் அடிவாரத்துக் காற்று சூடாகிச் சரிவு வழியாக மேலே வரும், வரும்போதே வெள்ளையாகிவிடும். அதனால் ஒன்பது, ஒன்பதரைக்கு உள்ளே போய்விட வேண்டும். முதலில் தெளிவாகப் பார்க்க வேண்டும், பிறகு அது மறைவதைப் பார்க்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் போனால் நேராக வெள்ளைச் சுவருக்குள்தான் நுழைவீர்கள். அங்கேதான் வம்பு. மேகத்துக்குள் நிற்கிற பிள்ளை, "மேகம் எங்கேப்பா?" என்று கேட்கும். உள்ளே இருந்து பார்த்தால் அது மேகமாகத் தெரியாது, வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். "இதுதாண்டா மேகம்" என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பாது. மேகம் என்றால் அதற்குப் பஞ்சு, வானத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. கம்பி ஓரம் ஒரு இடத்தில் உட்காருங்கள். கீழே பெரியகுளம் பக்கம் சமவெளி தெரியும். அந்த ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர் இந்த மலைமேல் இருக்கும் பேரிஜம் ஏரியிலிருந்துதான் இறங்கிப் போகிறது என்று போகிற போக்கில் சொல்லி வையுங்கள். பிறகு கீழே தூரத்தில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்து, "அது நம்ம மேகம்" என்று பேர் வைத்துவிடுங்கள். பேர் வைத்தால் போதும், பிள்ளை அதை விடாது. அது மேலே வர வர முதலில் எந்தப் பாறை மறைகிறது, அடுத்து எந்த மரம், அடுத்து எந்த விளக்குக் கம்பம் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் பக்கத்துக் கடைக்காரரே மங்கலாகிவிடுவார். எங்கள் சின்னவள் அப்போதுதான் வாயைப் பிளந்தாள்: "அம்மா, நாம உள்ள இருக்கோம்!"

கறுப்புக் குல்லா இப்போதுதான் வேலைக்கு வரும். கொஞ்ச நேரம் மேகத்துக்குள் நின்றுவிட்டுக் குல்லாவைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பளி மயிரின் ஒவ்வொரு நுனியிலும் ஊசிமுனையளவு துளி. வெள்ளைக் கம்பளியில் இது சுத்தமாகத் தெரியாது. இமையிலும் இருக்கும், அப்பா மீசையிலும் இருக்கும். மீசைதான் பிள்ளைகளுக்குப் பிடித்த ஆய்வுக்கூடம். மேகத்துளி அவ்வளவு பொடிசு என்பதால்தான் மிதக்கிறது, பத்து லட்சம் மேகத்துளி கூடினால்தான் ஒரு மழைத்துளி என்று சொன்னபோது பெரியவன் குல்லாவில் எண்ண ஆரம்பித்துவிட்டான். எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன், அதற்குள் நாங்கள் டீ குடித்தோம்.

ஒரு உபரி அதிர்ஷ்டம்: முதுகுப் பக்கம் தாழ்ந்த வெயில், எதிரே கீழே மேகம் என்று அமைந்தால் உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வட்டத்தோடு. புரோக்கன் நிழல் என்பார்கள், ஜெர்மனியில் உள்ள ஒரு மலையின் பேர் அது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்கு வட்டம் தெரியும். அண்ணனும் தங்கையும் பக்கத்தில் நின்றுகொண்டு, "வட்டம் எனக்குத்தான், உனக்கு இல்ல" என்று அடித்துக்கொள்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதை நம்பி மட்டும் போகாதீர்கள், வந்தால் வந்தது.

படி 4: பிரயண்ட் பூங்கா

மறுமுனையில் வெளியே வந்து யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், ஏரிப் பக்கமாக இறக்கம்தான். 1908-இல் உருவாக்கிய பூங்கா, இருபது ஏக்கர். ரோஜாவையும் கண்ணாடி வீட்டையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு வேலை வேறு: சிலந்தி வலையில் கோத்த துளி, இலை நுனியில் தொங்கும் சொட்டு, மரப்பட்டையில் பாசி. பாசியைப் பிய்க்கக் கூடாது, ஒரு விரலால் லேசாக அழுத்திப் பார்க்கலாம். விரல் நனைந்துவிடும்.

இங்கே உட்கார்ந்து டம்ளர் சோதனை. தட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினால் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அதே தட்டில் கைக்குட்டையை மடித்து வைத்து ஊற்றினால் நின்று நிதானமாகச் சொட்டும். சோலைக்காடும் புல்வெளியும் செய்கிற வேலை அந்தக் கைக்குட்டை வேலைதான், மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓடையில் தண்ணீர் வருவது அதனால்தான். பழனி மலையின் புல்வெளியில் பெரும்பகுதியை அழித்து வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் தைலமரமும் பைனும் நட்டார்கள், எல்லாரும் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிற பைன் காடும் நட்டதுதான். எனக்கு அந்தக் காட்டைக் கண்டால் பரவசம் எதுவும் வருவதில்லை. கீழே ஒரு செடிகூட முளைக்காத இடத்தில் பிள்ளைக்கு என்னத்தைக் காட்டுவது?

படி 5: ஏரி

முழுச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர். வேண்டவே வேண்டாம். ஒரு துண்டு நடந்தால் போதும். இந்த ஏரி தானாக வந்ததில்லை, மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டித் தேக்கியது. "அப்போ தண்ணி எப்படி வெளியே போகும்?" என்று பிள்ளையே கேட்டால் உங்கள் நடை பலித்துவிட்டது. பதில் சொல்லாதீர்கள், நாளைக்குக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை வந்ததெல்லாம் இறக்கம், திரும்பிப் போவது ஏற்றம். சின்னது இங்கேதான் "தூக்கு" என்று கையை விரித்து நிற்கும். வீம்புக்கு நடக்கவிடாதீர்கள், டாக்ஸி பிடித்து ரூமுக்குப் போங்கள். வேகவைத்த மக்காச்சோளத்தைக் கையில் கொடுத்துவிட்டால் வழியெல்லாம் சத்தமே இருக்காது.

ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடும். சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போய் செல்ஃபி எடுக்காதீர்கள். நின்று வழிவிட்டு, அது போன பிறகு நடங்கள்.

படி 6: வெள்ளி அருவி

இறங்கும் வழியில் கொடைக்கானலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். உயரம் 180 அடி. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இங்கே விழுகிறது. "நேத்து பாத்த ஏரித் தண்ணி" என்று சொன்னதும் சின்னவள், "என் குல்லாத் தண்ணியும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். கூட்டம், வண்டிப் போக்குவரத்து, குரங்கு மூன்றும் இங்கே அதிகம், அதனால் பிள்ளையின் கையை விடாதீர்கள், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

பேருந்தில் போனால் அருவியில் எப்படி இறங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நடத்துநரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிள்ளைகளோடு சாலையோரம் நின்று அடுத்த பேருந்துக்குக் கை காட்டுவது சிரமம் என்று தோன்றினால், ஜன்னலோர இருக்கை பிடித்துப் பார்த்துக்கொண்டே போவது மேல்.

காலையிலிருந்தே மேகம் மூடியிருந்தால்? கோக்கர்ஸ் வாக்கை அப்புறம் வைத்துக்கொண்டு பூங்காவில் ஆரம்பியுங்கள். கொஞ்சம் காற்று அடித்தால் திரை விலகும், அப்போது மேலே போகலாம். அன்று முழுக்க விலகவே இல்லை என்றால் வரிசையை மாற்றி, மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

தள்ளுவண்டி கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு: கோக்கர்ஸ் வாக் வரைக்கும் ஓகே, ஏரிக்கு இறங்கும் சாலையில் வண்டி நெரிசலில் அது தொல்லைதான். கைக்குழந்தையைத் துணித்தொட்டில் மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொள்வது எவ்வளவோ சுகம், உங்களுக்கும் குளிர் தெரியாது.