சின்ன கேஸ்தானே, ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்: கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் கிரிமினல் கேஸ் என்றால் பெரும்பாலும் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. மீன் ஏலத்தில் வாய் வார்த்தை முற்றி அடிதடி, வலையை அறுத்துவிட்டான் என்று படகுத்துறையில் தகராறு, திருவிழாவில் தள்ளுமுள்ளு, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த மறுநாள் சாலை மறியல், பைக்கில் போய் ஆள் மேல் இடித்தது. மாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் கேஸ். அண்ணன்மார் செய்த அதே தவறைத் தம்பிமார் அப்படியே செய்கிறார்கள். குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகாதே, போலீஸ்காரர் சட்டையைப் பிடிக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் பிரிவு எண்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அன்றோ அதற்குப் பிறகோ நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா. கைகலப்புக்குப் பழைய 323 இப்போது 115(2). ஆபாசமாகத் திட்டிய 294(பி) இப்போது 296(பி). மிரட்டலுக்கு 506(1) போய் 351(2). கத்தி, அரிவாள் போன்றவற்றால் காயம் என்றால் 324-க்குப் பதில் 118(1). இந்தக் கடைசியில் மட்டும் கவனமாக இருங்கள். மூன்றாண்டு வரை சிறை உண்டு. இந்தப் பிரிவுக்குப் புதிய சட்டத்தில் ஸ்டேஷன் ஜாமீன் (போலீஸ் நிலையத்திலேயே ஜாமீனில் விடுவது) கிடையாது. மீன் வெட்டும் கத்தி கையில் இருந்ததா, கீழே கிடந்ததா என்ற ஒரு வரியில் கேஸின் தன்மையே மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் "விழுந்துட்டேன்" என்பது

அடி வாங்கியவர் செய்யும் தவறு இது. சொந்தக்காரன்தானே, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் "படகில் வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறார். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். இரண்டு நாளில் பேச்சுவார்த்தை முறிந்து புகார் கொடுக்கும்போது, அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) புகாருக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கும். எண்ணிக்கையிலும் இதே வம்புதான். டாக்டரிடம் "தெரிந்த ரெண்டு பேர் கையால் அடித்தார்கள்" என்றவர், எஃப்.ஐ.ஆரில் ஏழு பேர், உருட்டுக்கட்டை என்று எழுதிக் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்துக்கும் இது பொருந்தும்: உங்களுக்கும் காயம் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் போய்க் காட்டும் காயத்துக்கு மதிப்பு குறைவு.

வெள்ளைத் தாளில் கையெழுத்து

போடாதீர்கள்.

ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

வழக்கமாக நடப்பது இது. அடிதடி நடந்து ஒரு வருடம் கழித்து சம்மன் வருகிறது. பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விசா பார்த்துக்கொண்டிருக்கிறான். கோர்ட் வராந்தாவில் யாரோ ஒருவர், "ஒத்துக்கிட்டா ஆயிரம் ரூபா ஃபைன், இன்னைக்கே முடிஞ்சுரும். இல்லேன்னா மூணு வருஷம் அலையணும்" என்கிறார். சொல்கிறவர் வக்கீல் இல்லை. பெயர் கூப்பிட்டதும் பையன் உள்ளே போகிறான். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். "ஒத்துக்கிறேங்கய்யா." பணத்தைக் கட்டி ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் முடிந்தது என்று பஸ் ஏறுகிறான்.

கேஸ் முடிந்ததுதான். ஆனால் முடிந்தது தண்டனையில். ஃபைன் நூறு ரூபாயானாலும் அது தண்டனைத் தீர்ப்பு. ஸ்டேஷன் பதிவில் அவன் பெயருக்கு நேரே அப்படித்தான் ஏறும். பிறகு நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும், அரசு வேலைக்கான படிவத்தில் "எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா" என்ற கட்டத்தை நிரப்பும்போதும்தான் அந்த ஆயிரம் ரூபாயின் உண்மையான விலை தெரியும். "இல்லை" என்று எழுதினால் உண்மையை மறைத்த குற்றம் சேரும். வேலை பறிபோவதற்கு வழக்கைவிட இந்த மறைப்பே பெரிய காரணமாகிவிடும். அப்பீல் போகலாமே என்றால், தானாக ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையின் அளவைப் பற்றியோ அதன் சட்டப்படியான தன்மையைப் பற்றியோ மட்டுமே மேல்முறையீடு. நான் அடிக்கவே இல்லை என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

பைக் விபத்துக் கேஸில் இன்னொரு கண்ணி. வேகமாக ஓட்டியதாக ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால், அடிபட்டவர் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் அந்தத் தீர்ப்பின் நகலைத்தான் முதலில் நீட்டுவார். அதுவே இறுதிச் சான்று இல்லை என்றாலும், உங்கள் அலட்சியத்தைக் காட்ட அவருக்கு அதைவிட எளிய ஆவணம் வேண்டாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருந்தால் தொகை உங்கள் தலையில் விழும்.

இத்தனையும் எதற்காக? பாஸ்போர்ட் அவசரம் என்பார்கள். இங்கேதான் பாதி விஷயம் தெரிந்தவர்கள் கெடுக்கிறார்கள். பாஸ்போர்ட் சட்டத்தில் நிலுவையிலுள்ள வழக்கு தடைதான். ஃபைனில் முடிந்த வழக்கு அந்த அளவுக்குத் தடை இல்லை. அதனால் ஒப்புக்கொண்டால் பாஸ்போர்ட் சீக்கிரம் வரும் என்ற கணக்கு முழுப் பொய் இல்லை. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு மனுப்போட்டு, அந்த உத்தரவைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்கலாம். 1993-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை இதற்கு இடம் தருகிறது. கோர்ட் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு பாஸ்போர்ட் கிடைக்கும். எத்தனை ஆண்டுக்கு வேண்டும் என்பதை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது? குற்றப்பத்திரிகையின் நகலையும் இணைப்புகளையும் கோர்ட் இலவசமாகத் தரும். அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். வக்கீல் படிப்பார் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் தேதிகள். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்குச் சம்பவத்திலிருந்து ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை உள்ளதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை உள்ளதற்கு மூன்றாண்டு என்று கெடு உண்டு; புதிய நடைமுறைச் சட்டப்படி அந்தக் கெடுவுக்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகியோ கோர்ட்டில் புகார் தாக்கலாகியோ இருக்க வேண்டும். பல பிரிவுகள் சேர்ந்திருந்தால் அதிகத் தண்டனை உள்ள பிரிவை வைத்துத்தான் கணக்கு. கெடு தாண்டிப்போன கேஸில், தாமதத்தை மன்னிக்கும் உத்தரவு இருக்கிறதா என்று பார்க்காமலே ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு.

அடுத்து பிரிவுகள். மறியல் கேஸில் அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான 223 (பழைய 188) இருந்தால், உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து மூலம் கோர்ட்டுக்குப் புகார் கொடுத்தால்தான் அந்தக் குற்றத்தைக் கோர்ட் எடுக்க முடியும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. 296(பி) என்றால் என்ன வார்த்தை சொன்னார், பொது இடமா, அதைக் கேட்டு மற்றவர்களுக்கு என்ன தொந்தரவு என்பதெல்லாம் சாட்சியத்தில் வர வேண்டும். "தகாத வார்த்தையால் திட்டினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அந்தப் பிரிவு ஆட்டம் காணும்.

எதிர்த்தரப்போடு சமாதானம் ஆகிவிட்டதா? 115(2), 351(2) போன்றவற்றை அடிபட்டவரும் மிரட்டப்பட்டவரும் கோர்ட்டில் வந்து சொல்லி முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலை. ஃபைனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சிக்கல் 296(பி)-யில் வரும். அது சமரசப் பட்டியலில் இல்லை. அப்போது இரு தரப்பும் சேர்ந்து பிரமாணப் பத்திரம் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். செலவு உண்டு. ஆனால் ஒரு தடவையோடு போகும் செலவு.

மறியல், ஆர்ப்பாட்ட வழக்குகளை அரசே திரும்பப் பெறுவதும் தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. முந்திக்கொண்டு ஃபைன் கட்டியவருக்கு அதில் பங்கு கிடையாது; திரும்பப் பெற அங்கே வழக்கே மிச்சம் இல்லை.

சாட்சியம் நிஜமாகவே பலமாக இருந்து, தப்பிக்க வழியே இல்லை என்றாலும் ஃபைன் மட்டும்தான் முடிவு என்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடும்படி வக்கீல் மூலம் கேளுங்கள். அப்படி விடப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. படிவத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதால் ஒப்புக்கொள்வதாக இருந்தால், 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்ப்பதில்லை.

"நான் அங்கே இல்லவே இல்லை"

இப்படி ஆரம்பித்துவிட்டு, விசாரணை பாதியில் "அவன்தான் முதலில் அடித்தான், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தள்ளினேன்" என்பார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது. வேறு ஊரில் இருந்தேன் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது: டிக்கெட், சிசிடிவி, வருகைப் பதிவு. தற்காப்பு என்றால் உங்கள் காயமும் அன்றைக்கே எடுத்த ஏ.ஆர். காப்பியும் எதிர்ப்புகாரும் பேசும். தற்காப்பு உரிமை ஆபத்து இருக்கும்வரைதான். அடித்தவன் ஓடியதும் அவனைத் துரத்திப் போய்த் தெருமுனையில் வைத்து அடித்தால் அது தற்காப்பாகாது.

போனில் வீடியோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிக்காதீர்கள். கோர்ட்டில் சான்றிதழோடு தாக்கல் செய்ய அந்தப் போனே வேண்டியிருக்கலாம்.

ஜாமீனில் விடக்கூடிய பிரிவுக்கு முன்ஜாமீன்

வீண் செலவு. எஃப்.ஐ.ஆர். காப்பியில் பிரிவைப் பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

வாய்தாவை விட்டுவிட்டுக் கடலுக்குப் போவது

வாய்தா டோக்கன் நாளில் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்கும் நாளில்) விழுந்தால் படகுதான் ஜெயிக்கிறது. வர முடியாவிட்டால் அன்றைக்கு வக்கீல் ஒரு மனுப் போட்டால் போதும் (கோர்ட்டில் இன்னும் பழைய எண்ணில் "317 பெட்டிஷன்" என்றுதான் சொல்வார்கள்). அதுவும் இல்லாவிட்டால் பிடிவாரண்ட். வாரண்ட் விழுந்தது தெரிந்ததும் போலீஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், அடுத்த வேலை நாளிலேயே கோர்ட்டில் நேரில் நின்று ரத்து செய்யக் கேளுங்கள். தாமதிக்கத் தாமதிக்க ரிமாண்டுக்கு வாய்ப்பு கூடும்.

வனத்துறை அலுவலகத்தைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நினைப்பது

மன்னார் வளைகுடாவில் இதை அறியாமல் சிக்குகிறவர்கள் அதிகம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது; அதைத் தொடர்ந்து ஏதாவது பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். இதைக் கேள்விப்பட்டவர்கள், வனத்துறையிலும் சுங்கத்திலும் "எழுதிக் கொடுத்தால் கொடுத்துட்டுப் போவோம், கோர்ட்டில் மறுத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கடல் அட்டை (கடலடியில் ஊரும் உயிரினம்) 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தில் உரிய நிலை அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவரை வைத்துக்கொண்டு பதியும் சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படும். சுங்க அதிகாரி வாங்கும் வாக்குமூலமும் அப்படியே. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், சட்டப்படி வைத்திருந்தேன் என்று காட்டும் சுமையும் உங்கள் பக்கம் திரும்பும்.

லோடு ஆட்டோக்காரர்கள்தான் இதில் அதிகம் நசுங்குகிறார்கள். மூட்டையில் என்ன என்று தெரியாமல் வாடகைக்குப் போனது உண்மையானால், முதல் வாக்குமூலத்திலேயே யார் கூப்பிட்டார், எந்த நம்பரிலிருந்து, எங்கே ஏற்றி எங்கே இறக்கச் சொன்னார், வாடகை எவ்வளவு பேசினார் என்பது வர வேண்டும். கால் பதிவை அழிக்காதீர்கள். வாக்குமூலத்தை மிரட்டியோ அடித்தோ வாங்கியிருந்தால், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலில் நிறுத்தும்போதே சொல்லுங்கள்; காயத்தைக் காட்டுங்கள்; வக்கீல் மூலம் எழுத்தில் மறுப்பைப் பதியுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் மறுப்பை வக்கீல் யோசனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.