தை மாதத்தில் நிலம் பார்க்காதீர்கள்

இந்தத் தையில் சென்னையிலிருந்து ஒரு தம்பதியர் வந்திருந்தார்கள். திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறைப் பக்கம், எங்கள் காட்டுக்கு (விளைநிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அடுத்த நிலம் விலைக்கு இருக்கிறது. கிணற்றை எட்டிப் பார்த்த அந்தப் பெண், "கையாலேயே மொண்டுவிடலாம் போலிருக்கிறதே!" என்றார். கணவர் படம் எடுத்துக்கொண்டார். 11 ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு கிணற்றைப் படம் எடுத்தவன்தான். இன்றைக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

கையிருப்பு இல்லாமல் வேலையை விடாதீர்கள், வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நகரத்திலிருந்து வந்து நிலம் வாங்குகிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

கிணறு நிறைந்திருக்கும்போது வாங்குவது

இங்கே ஐப்பசியும் கார்த்திகையும்தான் பெரிய மழை. தையில் வந்தால் வரப்பெல்லாம் புல், குளத்தில் கொக்கு. இது தரகருக்கும் நன்றாகத் தெரியும். நான் வாங்கிய கிணறு பங்குனிக் கடைசியில் தரை தட்டிவிட்டது.

நீரோட்டம் பார்ப்பவரை அழைத்தேன். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் ஓரிடத்தில் எழுந்து நின்றது. அங்கேயே ஆழ்துளை போடும் ரிக் வண்டியை நிறுத்தினார்கள். மண் சரியாமல் இருக்க 40 அடிக்குக் கேசிங் பைப். அதற்குக் கீழே முழுப்பாறை. இரவெல்லாம் வெள்ளைப் புகை. காலையில் கொடியில் கிடந்த சேலை, வாழைக்கன்று, நாய் எல்லாம் மாவு பூசியதுபோல் இருந்தன. 640 அடியில், "இன்னும் கொஞ்சம் போகலாமா சார்?" என்றார் வண்டிக்காரர். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வேறு என்ன கேட்பார்! 820 அடியில் ஈரப்பொடி வந்தது, அவ்வளவுதான். மறு ஆண்டு புத்தி வராமல் இன்னொன்று, 1,050 அடி. வீடு கட்ட வைத்திருந்த பணம் இரண்டு துளைக்குள் போய்விட்டது.

கருங்கல் பூமியில் தண்ணீர் தங்குவது, நொறுங்கிக் கிடக்கும் மேல்பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகிவிடும். ஆழத்துக்குப் பணம் கொடுக்கலாம். தண்ணீர் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. இதைத் துளை போடுவதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "சித்திரையில் ஆட்டுக்கு எங்கே தண்ணீர் காட்டுவீர்கள்?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். அரை மைல் தள்ளிப் புளியமரத்தடிக் கிணற்றைக் கைகாட்டினார். "வாங்கும் முன்னே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, தம்பி" என்றார்.

சித்திரையில் வந்து கிணற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். சுவரில் தண்ணீர்க்கறை எதுவரை இறங்கியிருக்கிறது, அடியில் எத்தனை சைடு போர் (சுவரில் பக்கவாட்டாகப் போடும் துளை) போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நாலாபக்கமும் துளைத்திருந்தால், அந்த மனிதர் தவித்திருக்கிறார் என்று பொருள். கிணறு நிறைந்திருந்தால் இவையெல்லாம் தண்ணீருக்குள் மறைந்திருக்கும்.

வற்றிய துளையை மூடாமல் விடுவது

2019-ல் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக்குள் விழுந்து குழந்தை சுஜித் இறந்ததை நினைத்துக்கொண்டு அன்றைக்கே மூடுங்கள்.

வந்த வாரமே முள்கம்பி கட்டுவது

நான் கட்டினேன். அறுவடைக்குப் பின் அந்தக் காட்டில் ஆட்டுக்கிடை போடுவது, அதாவது இரவில் ஆடுகளை அடைத்து வைப்பது, வழக்கமாம். எருவுக்கு எருவும் ஆயிற்று. கம்பியைப் பார்த்ததும் கிடைக்காரர் வேறு காட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு எருவைக் காசு கொடுத்து வாங்கினேன். உழவுக்கு ஆள் கூப்பிட்டால், வருகிறேன் என்றவர்களும் வரவில்லை. கம்பியில் ஆளும் ஆடும் போக ஒரு கடவு விட்ட பிறகுதான் பேச்சு வார்த்தையே திரும்பியது.

பாதை

நிலத்துக்குப் போகும் பாதை தரகரின் வாயில் இருந்தால் போதாது, எஃப்.எம்.பி. என்னும் அரசு நில அளவை வரைபடத்தில் இருக்க வேண்டும்.

பம்பு மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் எந்நேரமும் வரும் என்று நம்புவது

வராது.

அந்தத் தம்பதியரிடம், சித்திரையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அதற்குள் விலை ஏறிவிடும் என்று தரகர் சொன்னாராம்.