பச்சைத் தண்ணீரில் தொடங்கும் சில்லி

பன்னில் வைத்துத் தரும் சாசேஜான ஹாட் டாக் மேல் ஊற்றும் சில்லி என்ற கறிச் சாஸுக்கு எண்ணெய் வேண்டாம். கொத்துக்கறியை வதக்கவும் வேண்டாம். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கையால் கரைத்துவிட வேண்டும். இதை மனதார ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சிதான். கறி கறுத்து மினுங்கும் வரை அம்மா இரும்புச் சட்டியில் கிளறிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த கைக்குக் கறியைத் தண்ணீரில் கரைப்பது பாவம் போலத்தான் தோன்றும். ஆனால் இந்தச் சில்லியின் உயிர் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள டிராய் நகரத்தில். இந்தப் பக்கத்தில் ஹாட் டாக் மேல் சில்லி, கடுகு சாஸ், சமைக்காத வெங்காயம் மூன்றும் போட்டுத் தருவதைக் கோனி என்பார்கள். பெயர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையிலிருந்து வந்தது. சாப்பாடு என்னவோ மிச்சிகனுடையது. கிரேக்கத்திலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இங்கே உருவாக்கியது. டெட்ராய்ட் நகரின் நடுவில் லஃபாயெட் சாலையில் கஸ்ட் கெரோஸ் 1917-இல் தொடங்கிய அமெரிக்கன் கோனி ஐலண்ட் இன்றும் நடக்கிறது. ஒட்டினாற்போல் இருக்கும் லஃபாயெட் கோனி ஐலண்ட் அவருடைய சகோதரர் தொடங்கியது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் டெட்ராய்ட்காரர்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். 1914-இல் ஃபோர்டு நிறுவனம் நாள் கூலியை 5 டாலர் என்று உயர்த்திய பிறகு ஊரே கார்த் தொழிலாளர்களால் நிரம்பியது. பசியோடும் அவசரத்தோடும் வந்தவர்களுக்குச் சில்லறைக் காசில் வயிறு நிறைய, சூடாக, ஒரு கையில் பிடித்துச் சாப்பிடக் கிடைத்தது இது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு கிரேக்கப் பெரியவர். முப்பது வருடத்துக்கு மேல் கோனிக் கடை ஒன்றின் கல்லுக்கு முன்னால் நின்றவர். அளவு எதுவும் சொல்ல மாட்டார். என் சமையலறையில் நின்று பார்ப்பார், நான் வெங்காயத்தை வதக்கப் போனால் அடுப்பை அணைத்துவிடுவார். கீழே இருக்கும் அளவெல்லாம் அவர் கையைப் பார்த்து நான் எழுதிவைத்துக்கொண்டவை.

முதலில் சில்லி பவுடரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டு, சில சமயம் உப்பும் சேர்ந்த மசாலாக் கலவை அது. டெக்சஸில் 1890-களிலேயே இப்படிக் கலந்து புட்டியில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்கக் குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று படித்துவிட்டு அதே அளவு குண்டூர் மிளகாய்த்தூளைப் போட்டால் அந்தச் சில்லியை யாராலும் வாயில் வைக்க முடியாது. புட்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் இப்படிக் கலந்துகொள்ளலாம்: காஷ்மீரி மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி, வறுக்காத சீரகத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆரிகானோ அரைத் தேக்கரண்டி, பூண்டுத்தூள் அரைத் தேக்கரண்டி. இது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும், அது போதும். சீரகத்தை வறுத்தால் ரச வாசம் வந்துவிடும், வேண்டாம். மல்லித்தூளும் கரம் மசாலாவும் பக்கத்திலேயே வரக்கூடாது. அவை சேர்ந்த நொடியில் அது கீமா ஆகிவிடும். கீமா நல்ல பண்டம், ஆனால் நாம் செய்ய வந்தது அதுவல்ல.

பன்னிரண்டு ஹாட் டாக்குக்கு மாட்டுக் கொத்துக்கறி அரைக் கிலோ வாங்குங்கள். அட்டையில் 80/20 என்று போட்டிருப்பதை எடுங்கள்: எண்பது பங்கு கறி, இருபது பங்கு கொழுப்பு. உடம்புக்கு நல்லது என்று கொழுப்பில்லாததை எடுத்தால் சில்லி மணல்போல் நெறுநெறுக்கும். கூடவே ஒரு நடுத்தர வெங்காயம், நான்கு பல் பூண்டு, தக்காளி பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, மேலே சொன்ன சில்லி பவுடர், மஞ்சள் கடுகு சாஸ் ஒரு தேக்கரண்டி, பட்டைத்தூள் இரண்டு சிட்டிகை, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, நான்கைந்து சால்ட்டின் உப்பு பிஸ்கட். பீன்ஸ் கிடையாது. டெக்சஸ் 1977-இல் தன் மாநில உணவாக அறிவித்த சில்லி வேறு, அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடுவார்கள். இது சாஸ். பன்னுக்கும் ஹாட் டாக்குக்கும் நடுவில் இறங்கி உட்கார வேண்டியது.

இனி அந்த ஐந்து நிமிடம். அடிகனமான பாத்திரத்தில் கறியைப் போட்டு, குழாய்த் தண்ணீர் இரண்டரைக் கோப்பை, அதாவது அறுநூறு மில்லி, ஊற்றுங்கள். விரல்களால் கேழ்வரகு மாவு கரைப்பதுபோல் கரையுங்கள். முதலில் கறி கயிறு கயிறாக வழுக்கிக்கொண்டு ஓடும், கையில் பிடிபடாது. மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் ரோஜா நிறமாக மாறிக் கெட்டியாகத் தோன்றும். விரல் நுனியில் கட்டி எதுவும் தட்டுப்படாத வரை விடாதீர்கள். கடைசியில் பார்க்க அழகாக இருக்காது, சேற்றுக் குழம்புபோல் இருக்கும். அதுதான் சரியான பதம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. சூடான சட்டியில் விழும் கறியின் புரதம் உடனே இறுகி, பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு குத்தினாலும் பட்டாணி அளவுக்குக் கீழே உடையாது. பச்சைத் தண்ணீரில் முன்பே பிரிந்துவிட்ட கறி, சூடேறும்போது பிரிந்த நிலையிலேயே இறுகும். ஒவ்வொன்றும் ரவை அளவில் நிற்கும். ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டியில் மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜியெஃப் சகோதரர்கள் 1922-இல் தொடங்கிய சில்லி மரபிலும் கறி வறுபடாமல் தண்ணீரில்தான் வேகிறது. அதை அவர்கள் ஸ்பெகட்டி மேலும் ஊற்றுகிறார்கள்.

கரைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடுப்பை மிதமாக வையுங்கள். கொதி வரும் வரை பாத்திரத்தை விட்டு நகரக்கூடாது. இங்கே நான் பயன்படுத்துவது பருப்புக் கடையும் மரமத்து. பெரியவர் வைத்திருந்தது உருளைக்கிழங்கு மசிக்கும் கம்பிக் கருவி. என் மத்தை ஒரு முறை வாங்கிப் பார்த்தவர், அதன்பின் நான் சில்லி வைக்கும் நாளில் அதைத்தான் கேட்டு வாங்கி உருட்டினார். நிறம் ரோஜாவிலிருந்து சாம்பலுக்கு மாறி, மேலே நுரை திரளும். நுரையை மட்டும் வழித்து எடுங்கள், கொழுப்பு இருக்கட்டும்.

கொதித்ததும் வெங்காயத்தைத் துருவிப் போடுங்கள். நறுக்கக்கூடாது, துருவ வேண்டும். வெங்காயம் இருந்ததற்கான அடையாளமே இருக்கக்கூடாது. பூண்டையும் துருவுங்கள். சில்லி பவுடர், தக்காளி பேஸ்ட், கடுகு சாஸ், பட்டை, சர்க்கரை, உப்பு முக்கால் தேக்கரண்டி, எல்லாம் இப்போதே. தக்காளி பேஸ்ட் நிறத்துக்கும் லேசான புளிப்புக்கும்தான், ஒரு கரண்டி கூடினால் ஸ்பெகட்டி சாஸ் ஆகிவிடும். உப்பிலும் கையடக்கம் வேண்டும். ஹாட் டாக்கில் உப்பு இருக்கிறது, மேலே போடும் கடுகு சாஸிலும் பிஸ்கட்டிலும் இருக்கிறது.

தீயைக் குறைத்து, மூடாமல் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வெடித்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடியோடு சேர்த்துக் கிளறுங்கள், வற்றிவிட்டால் அரைக் கோப்பை வெந்நீர். ஒரு மணி நேரம் ஆனதும் பிஸ்கட்டைத் தூளாக்கித் தூவுங்கள், கால் மணியில் அது கரைந்து சாறைப் பிடித்துக்கொள்ளும். வினிகர் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், முன்பே ஊற்றினால் அதன் கூர்மை ஆவியோடு போய்விடும். பதம் பார்க்க ஒரு கரண்டியைப் பன் துண்டின் மேல் வைத்து அரை நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் நனைந்தால் இன்னும் வற்ற வேண்டும். குவியல் அசையாமல் அப்படியே நின்றால் வற்றியது அதிகம். மெல்லப் பரவி, ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கொழுப்பு ஒரு நூல்போல் வளையமிட்டால் இறக்கிவிடுங்கள். இது டெட்ராய்ட் பதம். வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள பிளின்ட் நகரத்தில் மாட்டின் இதயத்தையும் அரைத்துச் சேர்த்து, உதிரியாக, ஏறக்குறைய பொரியல்போல வைப்பார்கள். அதுவும் அருமையானது. ஆனால் பன்னிலிருந்து உதிர்வதைப் பொறுக்கிச் சாப்பிடப் பொறுமை வேண்டும்.

அன்றே சாப்பிடலாம். என்றாலும் ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் இருந்த சில்லியோடு அன்று வைத்ததை ஒப்பிட முடியாது. மீன் குழம்பு மறுநாள் எப்படி ஆகிறதோ அப்படி, சீரகமும் மிளகாயும் தனித்தனியாக நிற்பதை விட்டுவிட்டு ஒன்றாகிவிடும். அகலமான தட்டில் ஊற்றிச் சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் மேலே கொழுப்பு ஏடாகப் படிந்திருக்கும். அதில் பாதியை எடுத்துவிட்டு மீதியைக் கலந்து சூடாக்குங்கள். முழுவதையும் எடுத்தால் நிறமும் வாசமும் அதோடு போய்விடும். மூன்று நான்கு நாள் தாங்கும். உறைய வைப்பதென்றால் மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும். நான் ஐஸ் தட்டுக் குழிகளில் ஊற்றி உறைய வைக்கிறேன், ஒரு ஹாட் டாக்குக்கு இரண்டு கட்டி என்று கணக்கு.

ஹாட் டாக் வாங்கும்போது நேச்சுரல் கேசிங் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். குடல் தோலில் அடைத்தது அது. கடிக்கும்போது பட்டென்று ஒரு சத்தம் வரும், மெத்தென்ற பன்னுக்கும் சில்லிக்கும் நடுவே அந்தச் சத்தம் இல்லையென்றால் கோனி இல்லை. தண்ணீரில் வேகவைக்காமல், தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து எட்டுப் பத்து நிமிடம் உருட்டிக்கொண்டே இருங்கள். தீ கூடினால் தோல் வெடித்துச் சாறு கல்லில் போய்விடும். பன்னுக்கு நம் வீட்டு இட்லிப் பானையைவிடச் சிறந்த கருவி கிடையாது. தண்ணீர் கொதித்த பிறகு, தட்டில் துணி விரித்துச் சரியாக ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம் ஆனால் பன் பிசுபிசுத்துக் கையோடு வரும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டு வீடு இருக்கிறார்கள். ஜூலை நான்காம் தேதி எல்லோரும் கூடும்போது அவர்களுக்காகக் கோழித் தொடைக்கறியைக் கொத்தி இதே முறையில் தனிப் பாத்திரத்தில் வைக்கிறேன். கொழுப்பு குறைவு என்பதால் வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, நேரத்தை முக்கால் மணியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக் கொத்துக்கறியும் ஒத்துவரும், அரை மணி கூடுதலாக வேக வேண்டும், பட்டை மட்டும் ஒரு சிட்டிகை போதும். அவர்களுக்குக் கோழி ஹாட் டாக், தனி இடுக்கி, தனிக் கல்.

சேர்க்கும் வரிசை மாறக்கூடாது. பன்னில் ஹாட் டாக், அதன் மேல் கொதிக்கும் சில்லி மூன்று மேசைக்கரண்டி, அதன் மேல் ஒரு கோடாக மஞ்சள் கடுகு சாஸ், கடைசியில் பொடியாக நறுக்கிய, சமைக்காத வெங்காயம் ஒரு கைப்பிடி. இந்த வெங்காயத்தைத் துருவக்கூடாது, கத்தியால்தான் நறுக்க வேண்டும். நறுக்கியதும் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசிப் பிழிந்துகொண்டால் காரம் அடங்கி இனிப்பும் மொறுமொறுப்பும் மட்டும் நிற்கும். கெட்சப் வேண்டாம், தக்காளியின் இனிப்பு பட்டையின் வாசத்தை மூடிவிடும். கட்டி முடித்ததை மேசையில் வைத்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலாவதைக் கட்டியதும் அருகில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பன்னை எடுங்கள்.