பி4 தள்ளுவதற்கு முன்னால்: செஸ் நடு ஆட்டத்தில் நிலையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற செஸ் தொடக்கத்தில் வெள்ளை டி5-இல் வெட்டி, கறுப்பு இ6 சிப்பாயால் திருப்பி வெட்டினால், பெரும்பாலும் கார்ல்ஸ்பாட் என்ற சிப்பாய் அமைப்பு வரும். சி ஃபைல் (நெடுவரிசை) வெள்ளைக்குப் பாதி திறந்திருக்கும், அதாவது அதில் அவருடைய சிப்பாய் இருக்காது; இ ஃபைல் கறுப்புக்கு அப்படி. இதைப் பார்த்த மாத்திரத்தில் 'மைனாரிட்டி அட்டாக்' (குறைந்த சிப்பாய்களால் அதிகச் சிப்பாய்களைத் தாக்குவது) என்று பி4, பி5 தள்ளத் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. திட்டத்தில் குறையில்லை. பி5 சிப்பாய் சி6-இல் வெட்டினால் அங்கே பலவீனமான சிப்பாய் மிஞ்சும்; கறுப்பே பி5-இல் வெட்டினாலும் சி5 தள்ளினாலும் டி5 தனித்துப் போகும். ஆனால் இது பலிக்குமா என்பதைக் காய்கள் நிற்கும் இடம்தான் முடிவு செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளையின் ராஜா பக்கக் குதிரை. எஃப்3-இல் நின்றால் பி4 இயல்பான வழி. இ2-இல் நின்றால் எஃப்3 தள்ளி இ4 உடைக்கும் இன்னொரு வழியும் திறக்கிறது. ஒரே சிப்பாய் அமைப்பு, இரண்டு வேறு ஆட்டங்கள்.

அடுத்த தவறு, பலவீனத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பது. வெள்ளை பி4 தள்ளியதும் கறுப்பு பி5 என்று பதில் வைத்தால் சி6 சிப்பாய் பக்கத்துச் சிப்பாய்களின் காவல் இல்லாமல் பின்தங்கிவிடும்; பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் கறுப்புக் குதிரை பி6 வழியாக சி4-க்கு வந்து உட்கார்ந்துவிட்டால், சி ஃபைலே அடைபட்டு சி6-ஐத் தாக்க வழி இருக்காது. தாக்க முடியாத பலவீனத்துக்கு மதிப்புக் குறைவு. அந்தக் குதிரை எத்தனை நகர்த்தலில் சி4-க்கு வரும், அதற்குள் ஏ4 தள்ளி பி5-ஐக் கலைக்க முடியுமா என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் 'எனக்கு நல்ல நிலை' என்று சொல்லலாம்.

'மூன்று பாயிண்டுக்கு மூன்று பாயிண்ட், சமம்தானே' என்று குதிரை, பிஷப்புக்குச் சொல்லப்படும் மதிப்பை மட்டும் பார்த்துக் காய் மாற்றுவதும் இந்த வகைதான். கறுப்பின் சி6, டி5 சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால் சி8 பிஷப்தான் அவருடைய மோசமான காய். அதை எஃப்5 வழியாக வெள்ளையின் டி3 பிஷப்போடு மாற்றிக்கொண்டால் அவர் பாடு லேசாகிவிடும். அதைத் தடுக்கத்தான் வெள்ளை டி3-இல் பிஷப்பையும் சி2-இல் ராணியையும் வைத்து எஃப்5-ஐக் கண்காணிக்கிறது. மாற்றிய பிறகு பலகையில் யாருடைய எந்தக் காய் மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். போன காயை விட நின்ற காய்தான் முக்கியம்.

தொடங்கிய திட்டத்தை விடாப்பிடியாக ஓட்டுவது இன்னொன்று. 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் போட்வின்னிக், கெரெஸுக்கு எதிராக 11-வது நகர்த்தலில் யானையை பி1-க்குக் கொண்டுபோனார். பி4-க்கான தயாரிப்பு அது. கறுப்பு பிஷப்பை டி6-க்கும் குதிரையை ஜி6-க்கும் கொண்டுவந்தது. உடனே 13-இல் எஃப்3, 14-இல் அதே யானை இ1-க்கு. அப்போது அவர் உலக சாம்பியன்; மூன்று நகர்த்தலுக்கு முன் வைத்த யானையைத் திரும்ப எடுக்க அவருக்குக் கூச்சமில்லை. கவனிக்க வேண்டியது இடைவெளி: எஃப்3 13-இல், இ4 20-இல். நடுவில் குதிரை ஜி3-க்கும் ராணி எஃப்2-க்கும் வந்தன. எஃப்3 வைத்ததும் இ3 சிப்பாய் கறுப்பு யானையின் பார்வையில் நிற்கும். அவசரப்பட்டு மறு நகர்த்தலிலேயே இ4 தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் டி4-ஐயோ இ4-ஐயோ பறிகொடுக்கிறார்கள்.

திட்டம் போடுவதற்கு முன்பே செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் இரு பக்கமும் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் எதிராளியின் பக்கம் மட்டும் விட்டுப்போகும். அதற்கு எளிய வழி: உங்கள் முறையை விட்டுக்கொடுத்ததாக நினைத்து, அவர் தொடர்ந்து இரண்டு நகர்த்தினால் என்ன செய்வார் என்று கேளுங்கள். நீங்கள் பி பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்போது குதிரை இ4-க்கும், யானை இ6 வழியாக ராஜா பக்கத்துக்கும் வரும் ஆபத்து அப்போதுதான் தெரியும்.

கடைசியாக என்ஜின், அதாவது நிலையை எண்ணால் மதிப்பிடும் செஸ் மென்பொருள். +0.4 என்றால் கிட்டத்தட்ட அரைச் சிப்பாய் சாதகம். எந்தப் பக்கம் விளையாட வேண்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆட்டம் முடிந்து அலசும்போது என்ஜினை அணைத்துவிட்டு, சிப்பாய் அமைப்பு மாறிய இடங்களிலும் ராணி மாறிய இடத்திலும் நிறுத்தி, யாருக்குச் சாதகம், மோசமான காய் எது, அடுத்த மூன்று நகர்த்தல் என்ன என்று தாளில் எழுதுங்கள். பிறகு என்ஜினைப் போட்டு, எண் வேறுபடும் இடத்தில் அது காட்டும் முதல் மூன்று நகர்த்தல் தொடர்களையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தினால், நீங்கள் கவனிக்காமல் விட்ட காய் பெரும்பாலும் அதுதான்.