அமெரிக்கக் கடற்படை பிறந்த ஊர் எது? இதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டனிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் மார்பிள்ஹெட், சேலம், பெவர்லி என்று அடுத்தடுத்து மூன்று பழைய துறைமுக ஊர்கள் வரும். இதில் மார்பிள்ஹெட்டும் பெவர்லியும் "அமெரிக்கக் கடற்படை பிறந்தது எங்கள் ஊரில்தான்" என்று பல தலைமுறைகளாக மல்லுக்கட்டுகின்றன. சண்டை இவர்கள் இருவரோடு நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கடலே இல்லாத வைட்ஹால், ரோட் ஐலண்டின் ப்ராவிடன்ஸ், பென்சில்வேனியாவின் பிலடெல்பியா, இன்றைய மெய்ன் மாநிலத்தின் மச்சையஸ் என்று ஆளாளுக்கு ஒரு தேதியையும் ஒரு கப்பலையும் கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் பலர் வார இறுதியில் இந்த ஊர்களுக்குப் போகிறார்கள், வீடியோ போடுகிறார்கள், பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போன ஊரின் பலகையில் இருப்பதை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதனால் ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இரண்டு ஊரை எழுதிக்கொண்டு போய் நிற்கிறார்கள். இந்த ஊர்கள் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு அளவுகோலை வைத்து அளக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவுகோல் எது என்று கேட்காமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, எந்தக் கப்பல் படையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசுவது. அமெரிக்கக் காலனிகள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கிய 1775-இல் தண்ணீரில் இறங்கியவை எல்லாம் ஒரே படை கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டன், ஆங்கிலப் படை இருந்த பாஸ்டனை முற்றுகையிட்டபோது, தரைப்படைத் தளபதியாக இருந்துகொண்டு வாடகைக்கு எடுத்து அனுப்பிய சிறு கப்பல்கள் ஒரு கூட்டம். ரோட் ஐலண்ட் மாதிரி பல காலனிகள் சொந்தமாக வைத்துக்கொண்டவை இன்னொன்று. பிலடெல்பியாவில் கூடிய, காலனிகளின் பொதுப் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் 1775 அக்டோபர் 13 அன்று தீர்மானம் போட்டுத் தொடங்கியது மூன்றாவது, அதுதான் கான்டினென்டல் கடற்படை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் கான்டினென்டல் கடற்படை போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. அதன் கடைசிக் கப்பலான அலையன்ஸ் 1785-இல் விற்கப்பட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு அமெரிக்காவிடம் கடற்படை என்று எதுவும் இல்லை. வணிகக் கப்பல்களை வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், 1794 மார்ச் 27 அன்று ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம் வந்தது. கடற்படைக்கென்று தனித் துறை 1798 ஏப்ரல் 30 அன்றுதான் உருவானது. அந்த ஆறில் ஒன்றான கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டனில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இன்றைய கடற்படைக்குச் சட்டப்படி வயது எண்ணினால் 1794 அல்லது 1798-இலிருந்து எண்ணலாம். கடற்படையே தன் பிறந்தநாளாக 1775 அக்டோபர் 13-ஐக் கொண்டாடுகிறது. அதுவும் பழங்கால வழக்கம் இல்லை, 1972-இல் அப்போதைய கடற்படைத் தலைமை அதிகாரி அட்மிரல் ஜும்வால்ட் ஒப்புதல் கொடுத்த பிறகு வந்தது. அதற்கு முன் 1922 முதல் அக்டோபர் 27-ஐக் கடற்படை நாளாகக் கொண்டாடினார்கள், அது தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாள். அக்டோபர் 13 வந்துவிட்டதால் பிலடெல்பியா ஜெயித்துவிட்டது என்று எழுதுவதும் சரியில்லை. கடற்படை ஒரு தேதியைத்தான் தேர்ந்தெடுத்தது, ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல ஊர்களுக்கு இதில் பங்கு உண்டு என்பதுதான் அதன் வரலாற்றுத் துறையின் நிலைப்பாடு.

சரி, பெவர்லி, மார்பிள்ஹெட் சண்டைக்கு வருவோம். அதிகம் சொதப்புவது இங்கேதான், ஏனென்றால் இரண்டு ஊரும் உரிமை கொண்டாடுவது ஒரே கப்பலுக்கு: ஹன்னா.

அது 78 டன் கொள்ளளவுள்ள ஸ்கூனர் வகைப் பாய்மரக் கப்பல். மீன் பிடிக்கவும் சரக்கு ஏற்றவும் ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளர் ஜான் குளோவர், மார்பிள்ஹெட்காரர். டன்னுக்கு மாதம் ஒரு டாலர் என்று வாஷிங்டனின் படைக்கு வாடகைக்கு விட்டார். கேப்டன் நிக்கல்சன் ப்ராட்டனும் மார்பிள்ஹெட். மாலுமிகளில் பெரும்பாலோர் குளோவரின் படைப்பிரிவிலிருந்து வந்த மார்பிள்ஹெட் மீனவர்கள். ஆனால் கப்பலுக்குப் பீரங்கி பொருத்தியதும், அது 1775 செப்டம்பர் 5 அன்று பாய் விரித்துக் கிளம்பியதும் பெவர்லியில். அங்கே குளோவருக்கு ஒரு படகுத்துறை இருந்தது. ஆளும் கப்பலும் எங்களுடையது என்கிறது மார்பிள்ஹெட், புறப்பட்ட இடம் எங்களுடையது என்கிறது பெவர்லி. இரண்டும் உண்மை. ஒன்றை உண்மை என்று சொல்ல இன்னொன்றைப் பொய் ஆக்க வேண்டியதே இல்லை, ஆனால் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்த விவகாரத்தில் ஒரே ஒரு காகிதத்தைப் படிக்க நேரம் இருந்தால், செப்டம்பர் 2 அன்று வாஷிங்டன் ப்ராட்டனுக்குக் கொடுத்த உத்தரவைப் படியுங்கள். அதன் முதல் வரியே போதும். "ஐக்கியக் காலனிகளின் இராணுவத்தில் கேப்டனாக நியமிக்கப்பட்ட நீர், அந்த இராணுவத்தின் ஒரு பிரிவை அழைத்துக்கொண்டு பெவர்லியில் நிற்கும் ஹன்னாவில் ஏற வேண்டும்" என்பதுதான் அதன் சாரம். பெவர்லிக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஊர் பெயர் வாஷிங்டனின் உத்தரவிலேயே இருக்கிறது. ஆனால் அதே வரியில் இராணுவம் என்று இரண்டு முறை வருகிறது. கப்பலில் ஏறியவர்கள் தரைப்படைச் சிப்பாய்கள். ஹன்னாவைக் கடற்படையின் முதல் கப்பல் என்று கொண்டாடும் யாரும் இந்த இடத்தைத் தாண்டி ஓடக்கூடாது. வாஷிங்டனின் கப்பல் கூட்டம் காங்கிரஸின் படைக்கு முன்னோடி என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அக்டோபர் 13 அன்று காங்கிரஸ் முடிவெடுத்த அதே நாளில், மூன்று ஸ்கூனர்களை எடுத்திருப்பதாக வாஷிங்டன் எழுதிய கடிதமும் அங்கே வாசிக்கப்பட்டது. அந்தத் தொடர்பு நிஜமானது. அதையே "அன்றே கடற்படை உருவாகிவிட்டது" என்று நீட்டினால் உத்தரவின் வாசகமே எதிராக நிற்கும்.

அடுத்தது ஹன்னாவின் கதையைப் பளபளப்பாக்குவது. இரண்டு ஊரின் ரசிகர்களும் இதில் ஒற்றுமை. கிளம்பிய இரண்டாம் நாள், செப்டம்பர் 7 அன்று, ஹன்னா யூனிட்டி என்ற கப்பலைப் பிடித்தது. முதல் வெற்றி என்று இதைத்தான் எழுதுவார்கள். ஆனால் யூனிட்டி எதிரியின் கப்பல் இல்லை. அது நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஜான் லாங்டனுடையது, அவர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்து பாஸ்டனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஹன்னா மீட்டது. உத்தரவுப்படி பிடிபடும் எதிரிக் கப்பலின் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் சேர வேண்டும், போர்த் தளவாடங்கள் நீங்கலாக. சொந்தப் பக்கத்தவரின் கப்பலை மீட்டால் அந்தப் பங்கு கிடையாது. மாலுமிகள் கொதித்துப்போய்க் கலகம் செய்தார்கள், பிடித்து விசாரித்துத் தண்டனை கொடுத்தார்கள். அப்புறம் அக்டோபர் 10 அன்று நாட்டிலஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் துரத்தியதில் ஹன்னா பெவர்லிக்கு அருகே தரை தட்டியது. கரையில் இருந்தவர்கள் துப்பாக்கியும் பீரங்கியுமாகச் சுட்டு அதைக் காப்பாற்றினார்கள். நாட்டிலஸும் நீர் வற்றியதில் சிக்கி, கடல் நீர் மறுபடி ஏறும்வரை அடி வாங்கியது. ஹன்னாவின் போர்ச் சேவை அத்தோடு முடிந்தது.

இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. பங்குக்காகச் சண்டை போட்ட மீனவர்களும், தங்கள் துறைமுகத்தில் சிக்கிய கப்பலுக்காகக் கரையில் நின்று சுட்ட ஊர்க்காரர்களும்தான் இந்த வரலாற்றில் நாம் அறிய வேண்டியவர்கள். வாஷிங்டனின் கப்பல்கள் போரில் உண்மையிலேயே என்ன சாதித்தன என்று காட்ட வேண்டுமானால் ஹன்னாவை விட்டுவிட்டு லீ என்ற ஸ்கூனரைப் பாருங்கள். 1775 நவம்பர் கடைசியில் மார்பிள்ஹெட்டைச் சேர்ந்த ஜான் மான்லி அதை வைத்துக்கொண்டு நான்சி என்ற தளவாடக் கப்பலைப் பிடித்தார். அதில் 2,000 துப்பாக்கிகளும் ஒரு பெரிய வெண்கல மோர்ட்டார் பீரங்கியும் இருந்தன. ஆயுதப் பஞ்சத்தில் தவித்த படைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் யார் சண்டை போட்டார்கள் என்பதையே பிறப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. மச்சையஸ் ஊர்க்காரர்கள் 1775 ஜூன் 12 அன்று, ஜெரமையா ஓ'ப்ரையன் தலைமையில், கோடரியும் வைக்கோல் வாரும் கவையுமாக ஒரு மரக்கலத்தில் ஏறிப்போய் மார்கரெட்டா என்ற ஆங்கிலப் படகைப் பிடித்தார்கள். அபாரமான துணிச்சல். ஆனால் அவர்களை எந்த அரசும் அனுப்பவில்லை. அவர்கள் ஏறிப்போன கலத்தின் பெயரும் யூனிட்டிதான், ஹன்னா மீட்ட யூனிட்டி வேறு, இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். ரோட் ஐலண்ட் விஷயம் வேறு மாதிரி. அதே ஜூன் மாதத்தில் அதன் சட்டமன்றம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஏப்ரஹாம் விப்பிள் என்ற கேப்டனிடம் கொடுத்தது, ஆகஸ்ட் 26 அன்று எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான ஒரு கடற்படை வேண்டும் என்று தீர்மானமும் போட்டது. யோசனையை முதலில் முறைப்படி வைத்தது யார் என்று கேட்டால் பதில் ரோட் ஐலண்ட்தான், அதற்குப் போட்டியே இல்லை.

வைட்ஹாலைக் கிண்டல் செய்வதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது. "கடலே இல்லாத ஊர் கடற்படைக்கு உரிமை கொண்டாடுகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்போது அதன் பெயர் ஸ்கீன்ஸ்பரோ, ஷாம்ப்ளெய்ன் ஏரியின் தென்முனையில் இருக்கிறது. கனடாவிலிருந்து ஆங்கிலப் படை இறங்கி வர வழியே அந்த ஏரிதான். 1776 கோடையில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி பெனடிக்ட் ஆர்னல்டின் படைக்கான படகுகளை அங்கே கட்டினார்கள், கடலோர ஊர்களிலிருந்து தச்சர்களை வரவழைத்து. அக்டோபர் 11 அன்று வால்கூர் தீவருகே அந்தப் படை மோதியது, தோற்றது, ஆனால் ஆங்கிலேயர்கள் தெற்கே வருவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வைத்தது. 1777-இல் சாரடோகாவில் அமெரிக்கர்கள் பெற்ற வெற்றிக்கு அந்த அவகாசம் ஒரு முக்கியக் காரணம். மூழ்கிய படகுகளில் ஒன்றை 1935-இல் மேலே எடுத்தார்கள், இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதன் பெயர் பிலடெல்பியா, ஊர் பிலடெல்பியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. 1775 மே மாதமே ஸ்கீன்ஸ்பரோவில் கைப்பற்றிய ஒரு ஸ்கூனருக்கு லிபர்ட்டி என்று பெயர் வைத்து, அதில் போய் ஆர்னல்ட் ஆங்கிலேயரின் போர்ப்படகு ஒன்றை மே 18 அன்று பிடித்தார். இது ஹன்னா கிளம்புவதற்கு மூன்றரை மாதம் முன்னால். அதுவும் காங்கிரஸின் கடற்படை இல்லை, தரைப்படை அதிகாரி ஒருவர் நடத்தியது. ஹன்னாவும் அப்படித்தானே? ஹன்னாவை ஏற்றுக்கொண்டு லிபர்ட்டியைத் தள்ளுகிறவர் என்ன அளவுகோல் வைத்திருக்கிறார் என்று விளக்க வேண்டும். ஆர்னல்ட் 1780-இல் எதிரிப் பக்கம் போய்த் துரோகி ஆனதால் அவர் செய்த முந்தைய வேலைகளைச் சொல்லவே பலருக்கும் கூச்சம். சாரடோகாவில் அவர் காயம்பட்ட காலுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, அதில் அவர் பெயர் கிடையாது. வைட்ஹாலின் வழக்கு பலவீனமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஊர் எல்லையில் இருக்கும் பலகையையும் மாநிலச் சட்டமன்றத் தீர்மானத்தையும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். தீர்மானம் என்பது ஊருக்குச் செய்யும் மரியாதை, அதைப் போடுவதற்கு முன் யாரும் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்வதில்லை. இன்றைய வரைபடத்தை வைத்து எழுதுவதும் இதே ரகம்: மெய்ன் 1820 வரை மாசச்சூசெட்ஸின் பகுதி, அதனால் 1775-இல் மச்சையஸும் பெவர்லியும் ஒரே காலனி.

கடைசியாகக் குளோவர் பற்றி. அவரைக் கடற்படைத் தளபதி என்று எழுதுவது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. 1776 ஆகஸ்டில் லாங் ஐலண்டிலிருந்து தோற்ற படையை ஒரே இரவில் ஆற்றைக் கடத்திக் காப்பாற்றியதும், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதந்த டெலாவேர் ஆற்றில் வாஷிங்டனைக் கடத்தியதும் அவருடைய மார்பிள்ஹெட் ஆட்கள்தான். வெள்ளையரோடு கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் சேர்ந்து துடுப்புப் போட்ட படைப்பிரிவு அது. மார்பிள்ஹெட்டின் பெருமைக்கு இது ஒன்றே போதும், ஆனால் இது தரைப்படைக் கணக்கு, கடற்படைக் கணக்கில் சேர்க்க முடியாது. குளோவர் கர்னலாக இருந்து பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். பாஸ்டன் காமன்வெல்த் அவென்யூவில் 1875-இல் வைத்த அவருடைய சிலையின் பீடத்திலும் மார்பிள்ஹெட்டின் ஜான் குளோவர், புரட்சிப் போரின் சிப்பாய் என்றுதான் பொறித்திருக்கிறார்கள்.