விற்ற வண்டிக்கு வந்த அபராதம்

பைக்கை விற்றுப் பல மாதம் கழித்து, ஹெல்மெட் போடாததற்கான இ-சலான் என் போனுக்கு வந்தது. படத்தில் வண்டி என்னுடையது, ஓட்டுகிறவர் யாரோ. பெயர் மாற்றித் தருவதாகச் சொன்ன புரோக்கர் போனையே எடுக்கவில்லை. அபராதம் போகட்டும்; விபத்து நடந்திருந்தால்? ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இழப்பீடு என் தலையில்தான் விடியும்.

நல்லவேளை, விற்ற அன்றே தேதி, நேரம் போட்டு வாங்கியவரிடம் டெலிவரி ரசீது எழுதி வாங்கியிருந்தேன். அதிலிருந்த எண்ணில் அவரையே பிடித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வரவழைத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். சலானை அவரே கட்டினார், அப்புறம் பெயர் மாறியது. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். புரோக்கர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.